உளவாளிக்காக விழுந்தவள்

பஞ்சு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சத்தமே வராமல் விழுவாள் என்பதால் படப்பிடிப்பில் யாரோ ஒருவர் வேடிக்கையாகக் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஸ்டூடியோ வாசலில் நிற்கும் காவலாளிகூட, "பஞ்சு அக்கா வந்தாச்சு" என்று சொல்லித்தான் கதவைத் திறப்பார்.

அவள் வேலை டூப் போடுவது. 'நாணல்' என்ற உளவாளிப் படங்களின் கதாநாயகன் ஒல்லியான ஆள். அவளும் ஒல்லி, ஏறக்குறைய அதே உயரம். தலையில் பொய்முடியும் உடம்பில் மழைக்கோட்டுமாக முதுகைக் காட்டி நின்றால், அது கதாநாயகனா பஞ்சுவா என்று அவள் கணவருக்கே சந்தேகம் வரும். இத்தனைக்கும் அந்தக் கோட்டைத் தைத்தவரே அவர்தான். படத்தின் தையல்காரர் அவர். ஒரே துணியில் இரண்டு கோட்டு தைப்பார். ஒன்று கதாநாயகன் நடக்க. இன்னொன்று பஞ்சு விழ. அதில் முழங்கை, முதுகெலும்பு, இடுப்பு என்று வெளியே தெரியாமல் மெத்தை வைத்துத் தைத்திருப்பார். "உலகத்துலயே பொண்டாட்டி விழறதுக்குன்னு அளவெடுத்துத் தைக்கிற புருஷன் நான் ஒருத்தன்தான்" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வார்.

முதல் நாணல் படத்தில் அவளுக்கு அதிக வேலை இருக்கவில்லை. அந்தப் படத்தில் துப்பாக்கி ஒரே முறைதான் வெடிக்கும், அதுவும் குறி தவறும். மழைக்கோட்டு போட்ட மனிதன் ஒருவன் பூனைபோல ஓர் அலுவலகத்துக்குள் நுழைவான். மேசைமேல் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அதே சமயத்தில் நகரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு கம்பெனி 'வல்லூறு' என்று ஓர் உளவாளியை இறக்கியது. நாணல் வளைவான் என்றால், வல்லூறு பாய்வான். கதவு வழியாக அவன் எங்கேயும் நுழைந்ததே கிடையாது. கூரையைப் பிய்த்துக்கொண்டு வருவான், இல்லையென்றால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவான். அவனைப் பாய வைத்த ஸ்டண்ட் மாஸ்டர் வேறு யாருமல்ல, பஞ்சுவின் கூடப்பிறந்த தம்பி. எல்லோரும் அவனை ஸ்பிரிங் மாஸ்டர் என்பார்கள். அக்காவும் தம்பியும் ஒரே உடற்பயிற்சிக் கூடத்தில், ஒரே கம்பியில் தலைகீழாகத் தொங்கி வளர்ந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு உளவாளியின் பக்கம்.

இரண்டு படங்களும் ஓடின. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வல்லூறு ரயில் கூரைமேல் ஓடியதற்குத் தியேட்டரில் காகித மழை பொழிந்ததைப் பார்த்து நாணலின் டைரக்டருக்குத் தூக்கம் போனது. "நம்ம ஆளும் ஒரு ரயில்ல ஏறட்டும்" என்றார். நாணலின் அமைதியைப் பத்திரிகைகள் புகழ்ந்ததைப் படித்த வல்லூறு கம்பெனிக்காரர்கள், தங்கள் ஆளுக்கும் ஒரு சோகக் கதையை மாட்டிவிட்டார்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தவன், அடுத்த படத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக் கண் கலங்கினான். இவர்கள் பாலத்திலிருந்து குதித்தால் அவர்கள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார்கள். அங்கே ஒரு வில்லி வந்தாள் என்றால் இங்கே இரட்டைப் பிறவியாக இரண்டு வில்லிகள் வந்தார்கள். ஒரு கம்பெனி வெளியீட்டுத் தேதியை மாற்றினால் மறுநாளே இன்னொன்றும் மாற்றும். உளவாளிப் படம் எடுத்தவர்களே ஒருவரையொருவர் உளவு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆளுக்கு ஐந்து படம் ஆனபோது, டீக்கடையில் நின்று பேசியவர்களுக்கு எந்தக் குதிப்பு எந்தப் படத்தில் வந்தது என்றே நினைவில்லை. "மோட்டார் படகுல தீப்பிடிக்குமே, அது நாணலா?" "இல்லப்பா, வல்லூறு." "அப்போ பனிமலை?" "அதுதான் எனக்கும் குழப்பம்." ஏட்டிக்குப் போட்டியாக ஓடி ஓடி, இரண்டு பேரும் ஒரே ஆளாகிப் போயிருந்தார்கள்.

பஞ்சுவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பிட வருவான். அங்கே தையல்காரர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: சாப்பாட்டு மேசைக்கு உளவாளி வரக்கூடாது. இருவரும் அதை மதித்தார்கள், வாயால் மட்டும். கண்ணை யார் கட்டுவது? அக்கா கரண்டியை இடது கையில் பிடித்தால், வலது தோளில் கயிறு இழுத்திருக்கிறது, அப்படியென்றால் தொங்கும் காட்சி எடுக்கிறார்கள் என்று தம்பி கணக்குப் போடுவான். தம்பியின் புருவம் பொசுங்கியிருந்தால், அங்கே வெடி வைக்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்" என்று முனகிக்கொண்டே பரிமாறுவார்.

ஐந்தாவது நாணல் படத்துக்காகப் பஞ்சு மணிக்கூண்டின் உச்சியிலிருந்து குதித்தாள். பெரிய முள்ளைப் பிடித்துத் தொங்கி, அது வளைய, கையை விட்டுவிட்டுக் கீழே. தியேட்டர்கள் அதிர்ந்தன. படம் பார்த்த கையோடு தம்பி வீட்டுக்கு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, பிரமாதம்! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆனா விடமாட்டேன், சொல்லிட்டேன்."

விடவில்லை. ஆறாவது வல்லூறு படத்துக்கு ஓர் அணைக்கட்டைத் தேர்ந்தெடுத்தான். அதன் உச்சியிலிருந்து சுவரை ஒட்டியே கீழே பாய வேண்டும். தான் செய்து பார்க்காத எதையும் தன் ஆட்களைச் செய்யச் சொல்வது அவன் வழக்கமில்லை. ஒத்திகையில் தானே வயரை மாட்டிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் காற்று திசை மாறி, அவனைச் சுவரோடு வைத்து அறைந்தது. தொடை எலும்பு முறிந்தது. இடுப்பும் பிசகியது.

பஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அறுவை சிகிச்சை முடிந்து, காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். நீளமான வார்டு, வரிசையாகக் கட்டில்கள், எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் விழித்திருந்தான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த நிமிஷமே அவள் பயமெல்லாம் கோபமாக மாறியது.

"அறிவு இருக்காடா உனக்கு? யாரு உன்னை அங்கேருந்து குதிக்கச் சொன்னது?"

"நீதான்."

"நானா?"

"உன் மணிக்கூண்டு சொல்லிச்சு."

"செத்துப் போயிருப்பியேடா!"

"ஷ்ஷ்!" வாசலில் நின்ற நர்ஸ் விரலை உதட்டில் வைத்தாள். "ஆபரேஷன் முடிஞ்சவங்க தூங்கறாங்க. சத்தம் போட்டா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவேன். கட்டிலோட."

சண்டை நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள், அவனும் கிசுகிசுத்தான். அவள் அவன் தோளில் ஒரு குத்து வைத்தாள். அவன் தலையணையை உருவி அவள்மேல் வீசினான். குறி தவறி, தலையணை பக்கத்து மேசையில் இருந்த எவர்சில்வர் தட்டில் பட்டது. தட்டு, தம்ளர், மருந்துக் கிண்ணம் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன.

பஞ்சு பாய்ந்தாள். தம்ளர் ஒரு கையில், கிண்ணம் இன்னொரு கையில், தட்டு தரையைத் தொடுமுன் அவள் பாதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. ஒற்றைக் காலில் அவள் அப்படியே நின்றாள். வார்டில் ஒரு சத்தமில்லை. கடைசிக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் சிரிக்க வேண்டியிருந்ததால் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. தம்பிக்குச் சிரிக்கச் சிரிக்கக் கால் வலித்து, "சிரிக்க வைக்காதே, பாவி" என்று கண்ணீர் விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் இறங்க வேண்டிய இடம் கடந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. கால்மேல் உட்கார்ந்த அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருஷம் எத்தனையோ உயரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். எதிலும் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

இதற்கிடையில் வல்லூறு கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஸ்பிரிங் மாஸ்டர் படுத்துவிட்டதால் அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாணல் படங்களின் ஸ்டண்ட் மாஸ்டரையே வலைவீசிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அணைக்கட்டுக் காட்சியை அவர் முடிப்பதாக ஏற்பாடு. நாணல் கம்பெனியில் இடி விழுந்தது போலாயிற்று.

தயாரிப்பாளரான முதலாளியம்மாவின் அறைக்குப் பஞ்சுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டைரக்டர் இருந்தார். கதாநாயகனும் இருந்தார்.

"அவங்க அணைக்கட்டை விடப்போறதில்ல. அதைவிட உயரமா நமக்கு ஒண்ணு வேணும் பஞ்சு" என்றார் டைரக்டர். "புது மாஸ்டர் யாருன்னு அப்புறம் பார்ப்போம். நீ குதிப்பியா, அதை மட்டும் சொல்லு."

பஞ்சு மேசையருகே வந்தாள்.

"குதிப்பேன் சார். எனக்கு பயமில்ல. நான் குதிச்சா அவங்க இன்னும் மேல போவாங்க. அப்புறம் நாம அதுக்கு மேல. ஆகாசம் வரைக்கும் போயிட்டு அப்புறம் என்ன சார் பண்ணுவோம்? ஜனங்களுக்கு இப்பவே நம்ம ஆள் யாரு, அவங்க ஆள் யாருன்னு தெரியல. அவங்க ஏறட்டும். நாம இறங்கிடலாம். சத்தமே இல்லாம ஒரு சண்டை போடலாம்."

"சத்தமில்லாத சண்டையா? அதை யாரு பார்ப்பா?"

"ஒரு ஆஸ்பத்திரி வார்டு. எல்லாரும் தூங்கறாங்க. நம்ம ஆளும் திருட்டுத்தனமா உள்ள வந்திருக்கான், எதிரியும் திருட்டுத்தனமாத்தான் வந்திருக்கான். வாசல்ல காவல். ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் ரெண்டு பேருமே மாட்டிப்பாங்க. ஆனா ஒருத்தனை ஒருத்தன் விடவும் முடியாது."

டைரக்டர் தலையை ஆட்டினார். ஆமோதித்தாரா, வேண்டாம் என்றாரா, அவருக்கே தெரிந்திருக்காது. பஞ்சு மேசைமேல் கிடந்த கார்ச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதாநாயகனிடம் திரும்பினாள்.

"சார், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கார் பாருங்க. கதவு திறந்திருக்கு. அவர் திரும்பிப் பார்க்காம இந்தச் சாவியை என்கிட்டேருந்து பிடுங்குங்க. முடிஞ்சா."

கதாநாயகன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கை காலியாகத் திரும்பியது. இரண்டாம் முறை அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார், பஞ்சு சுழன்றாள், நாற்காலி சாய்ந்தது, முழங்காலால் அதைத் தாங்கி மெல்ல நிறுத்தினாள். அவர் அவளை மேசையோரம் தள்ள, காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு ஒன்று உருண்டு விளிம்புக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சண்டையை விட்டுவிட்டு அதைப் பிடித்தார்கள், நான்கு கையும் சேர்ந்து. பத்திரமாக வைத்துவிட்டு மறுபடி கட்டிப் புரண்டார்கள். சாவி குலுங்கப் போனது. அவள் அதை வாயில் கவ்விக்கொண்டாள்.

கணக்கர் கூட்டல் போட்டுக்கொண்டே இருந்தார்.

முதலாளியம்மா எப்போது எழுந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சில் கை வைத்திருந்தார்.

"மூச்சு விடவே மறந்துட்டேன்மா" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு டைரக்டரிடம், "புது மாஸ்டரைத் தேட வேண்டாம். இவதான்."

வேலை சுலபமாக இருக்கவில்லை. இந்தச் சண்டையில் கேமரா முகத்துக்கு அருகிலேயே இருக்கும், அதனால் டூப் போட முடியாது. கதாநாயகனே விழ வேண்டும்.

"இவ்வளவு வருஷம் உங்களுக்காக நான் விழுந்தேன். இனிமே நீங்களே விழுங்க சார்" என்று பஞ்சு மெத்தையை விரித்தாள்.

பாவம், அந்த மனிதர் மூட்டை மாதிரி தொப் தொப்பென்று விழுந்தார். "அக்கா, விழறது இவ்வளவு கஷ்டம்னு நீங்க சொல்லவே இல்லையே!" "நீங்க கேட்கவே இல்லையே சார்." ஆனால் பிடிவாதக்காரர். விழுந்து விழுந்து, கடைசியில் ஒருநாள் சத்தமில்லாமல் விழுந்தார். தளத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் முதல் பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனின் சிரிப்பு.

படப்பிடிப்பில் ஒரு ஸ்பூன் விழுந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். நோயாளியாகப் படுத்திருந்த துணை நடிகர் ஒருவர் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டார். டைரக்டர் எழுப்பப் போனார். "விடுங்க சார், நல்லா இருக்கு" என்று பஞ்சு தடுத்தாள். அந்தக் குறட்டை படத்தில் இருக்கிறது. அது நிற்கும்போதெல்லாம் சண்டையும் நிற்கும்; மறுபடி ஆரம்பித்தால்தான் இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி ஊன்றுகோலோடு வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். தோளில் கட்டில்லை, கையில் சிராய்ப்பில்லை.

"என்ன மாமா, அக்காவுக்கு வேலையே இல்லையா? ஒரு காயம்கூட காணோம்?"

"சாப்பாட்டு மேசையில உளவாளி கூடாது" என்றார் தையல்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு படங்களும் ஒரே நாளில் வெளியாகின. பஞ்சு கணவரோடு பகல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தொடக்கத்தில் திரையில் எழுத்துகள் ஓடின: சண்டைப் பயிற்சி, பஞ்சு. தையல்காரர் மூக்கை உறிஞ்சினார்.

வார்டு காட்சி வந்தது. முதலில் பின்னணி இசை நின்றது. பிறகு தியேட்டரில் சோளப்பொரி கொறிக்கும் சத்தம் நின்றது. இருமல் நின்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை "அம்மா, ஏன்..." என்று ஆரம்பிக்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். தட்டு சரிந்தபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அது நாணலின் பாதத்தில் வந்து உட்கார்ந்தபோது யாரும் மூச்சை விடவில்லை. கடைசியில் எதிரி மயங்கிச் சாய, நாணல் அவனைக் காலிக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே நடந்தான். வாசலில் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்: "கதவை மெதுவா சாத்துங்க."

அவ்வளவுதான். கொட்டகை வெடித்தது. சீட்டுமேல் ஏறி நின்று கத்தினார்கள். அடக்கி வைத்த மூச்செல்லாம் விசிலாக வந்தது. அந்தச் சத்தத்தில் பஞ்சு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

பின்னாலிருந்து ஓர் ஊன்றுகோல் அவள் தோளைத் தட்டியது. தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"திருடி! அது என் வார்டு! என் தட்டு! என் நர்ஸ்!"

"உன் தலையணைதான்டா ஐடியா குடுத்தது."

"அப்போ பாதிப் புகழ் எனக்கு" என்றவன் ஊன்றுகோலைக் கீழே இறக்கினான். "அக்கா... நான் அந்தக் கட்டில்ல மாசக்கணக்கா படுத்திருந்தேன். எனக்குத் தோணவே இல்லையே."

நகரமெங்கும் அதே பேச்சு. அணைக்கட்டைப் பார்த்தவர்கள், "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். வார்டைப் பார்த்தவர்கள் வீட்டில் தம்ளரை நழுவவிட்டுக் காலால் பிடிக்கப் பழகினார்கள். எத்தனை வீட்டில் எத்தனை தம்ளர் நசுங்கியதோ.

வல்லூறு கம்பெனி ஸ்பிரிங் மாஸ்டரைத் திரும்ப அழைத்தது. "வார்டுக்குப் பதில் சொல்லணும்" என்றார்கள். அவன் தன் காலைப் பார்த்தான். அடுத்த படத்தில், அதுவரை பறந்துகொண்டிருந்த வல்லூறு, தொடை வரை மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒருவனைத் துரத்தினான். தள்ளுவண்டியில், மாடிப்படியின் கைப்பிடியில் வழுக்கி, அடுத்தவன் குடையை ஊன்றிக்கொண்டு. பாய முடியாதவன் யோசித்து யோசித்து நெருங்கினான். ஓர் இடத்தில் அவன் ஒரு கதவை, வாழ்க்கையில் முதல் முறையாக, கைப்பிடியைத் திருகித் திறந்தபோது தியேட்டரே எழுந்து நின்றது.

முதலில் எழுந்தது பஞ்சு. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடித்த விசிலில் பக்கத்தில் இருந்த நாணல் டைரக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"பஞ்சு, நீ நம்ம கம்பெனி!"

"இருக்கட்டும் சார். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லணும். நாளைக்குக் காலையில உக்காந்து இதுக்கு என்ன செய்யலாம்னு யோசிப்போம்."

வெளியே வராந்தாவில் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தது. இப்போது யாருக்கும் எந்தக் காட்சி எந்தப் படம் என்ற குழப்பமில்லை; நாணல் கட்சிக்காரனுக்கும் வல்லூறு கட்சிக்காரனுக்கும் ஆளுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. தொண்டை கட்டிப்போன ஓர் ஆள், ஒன்றாக வெளியே வந்த அக்காவையும் தம்பியையும் மறித்தான்.

"நீங்களே சொல்லுங்க. நாணலா, வல்லூறா?"

"வல்லூறுதான்" என்றாள் பஞ்சு.

"நாணல்" என்றான் தம்பி, அதே நேரத்தில்.

அந்த ஆள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். "சண்டைக் காட்சின்னா என்னன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்கணும்" என்று அலுத்துக்கொண்டே அடுத்தவரைத் தேடிப் போனான்.